அடுத்த செவ்வாய் தரேன்

ஏப்ரல் பிறந்தால் விஸ்கான்சினில் மற்றவர்களுக்குப் பனி உருகும்; கோலீன் ஸாஸ்ட்ரோவுக்குத் தலைவலி பிடிக்கும். பதினேழு வருஷமாக இதே கதைதான். ஹாங்க் மதுக்கடையின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில், பேஸ்பாலுக்குத் தம்பியான சாஃப்ட்பால் ஆடும் அணிக்கு ஆள் பிடிப்பதும் அவள்தான், பணம் வசூலிப்பதும் அவள்தான். ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள். நகரப் பூங்கா அலுவலகத்தில் கட்ட வேண்டியது அறுநூற்றைம்பது டாலர், ஆக தலைக்கு அறுபத்தைந்து. எழுதிப் பார்த்தால் ஒரு வரிக் கணக்கு. வசூலிக்கப் போனால் தாவு தீர்ந்துவிடும்.

யாரும் இல்லாதப்பட்டவர்கள் இல்லை. ஆட்டம் முடிந்து ஹாங்க் கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கு முப்பது டாலருக்குப் பீரும் பொரித்த சீஸும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். ஃபீஸ் என்றதும் அதே ஆட்கள் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பார்கள், முகத்தில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொள்வார்கள், பிறகு சொல்வார்கள்: "அடுத்த செவ்வாய் தரேன்." இந்த மூன்று வார்த்தையை எத்தனை ராகத்தில் பாடலாம் என்று கோலீனைக் கேட்டால் ஒரு கச்சேரியே வைப்பாள். அலுவலகத்துக்குக் கெடு வந்துவிடும். துண்டு விழுந்ததை அவளே போட்டுக் கட்டுவாள். ஜூலை மாதத்தில் யார் யார் தரவில்லை என்பது மனப்பாடமாகத் தெரியும். கேட்கத்தான் வெட்கமாக இருக்கும். கொடுக்காதவர்களுக்கு இல்லாத வெட்கம் கேட்கிறவளுக்கு எதற்கு வருகிறது என்று அவளுக்கே விளங்கியதில்லை.

பெண்கள் கிடைப்பது இன்னும் கஷ்டம். கோலீன் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். ஊசி போட்டு வாய் மரத்துப்போய் வெளியே வருகிறவர்களால் "முடியாது" என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியாது என்று எட்டாம் வருஷம் கண்டுபிடித்தாள். அப்படியே இரண்டு பேரைப் பிடித்தாள். ஒருத்திக்குக் கடைவாய்ப் பல் எடுத்த சமயம். தலையை ஆட்டினாள், அது சம்மதமா வலியா என்று கோலீன் கேட்டுக்கொள்ளவில்லை, பெயரை எழுதிக்கொண்டாள். மூன்றாவது, அதே ஆஸ்பத்திரியில் பல் சுத்தம் செய்யும் ஷெல்பி. முப்பத்திரண்டு வயது, நல்ல கால் வேகம். முகத்துக்கு நேரே கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். இப்படி ஒருத்தி உலகத்தில் இருப்பதே கோலீனுக்கு ஆச்சரியம்.

இந்த வருஷம் இடி ஆண்கள் பக்கத்திலிருந்து இறங்கியது. ட்ரெவர் கம்பி நீட்டிவிட்டான். இருபத்தாறு வயதுப் பையன், மைதானத்து நாலு மூலைப் பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஈ கூடத் தாண்ட விடாதவன். கான்கிரீட் கம்பெனி அணியில் ஃபீஸே கிடையாதாம், சட்டைக்குப் பின்னால் சொந்தப் பெயரை அச்சடித்தும் தருகிறார்களாம். போனில் ஒரு வரிச் செய்தி அனுப்பிவிட்டுப் போய்விட்டான். போன வருஷச் சட்டையும் அவனிடமே போயிற்று.

ஒன்பது பேரை வைத்துக்கொண்டும் ஆடலாம். ஆனால் பத்தாவது ஆளின் முறை வரும்போதெல்லாம் ஒரு அவுட், மூன்று அவுட் ஆனால் அந்த இன்னிங்ஸே முடிந்தது. இல்லாத ஆசாமி வந்து, இல்லாத மட்டையைப் பிடித்து, அவுட்டாகிவிட்டுப் போவான். இப்படியே முதல் இரண்டு ஆட்டமும் தோற்றார்கள். மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு ஆள் சேர்ப்பு முடிகிறது. கோலீன் பதினோரு ஆண்களுக்குப் போன் போட்டாள். ஒருவனுக்கு முட்டி. ஒருவனுக்குப் பெண்டாட்டி. ஒருவனுக்குப் புல் ஒத்துக்கொள்ளாது, அவன் தொழிலே புல் வெட்டுவது. நாலு இருபதுக்கு, இனி விழக் காலே இல்லை என்ற நிலையில், டுவேனைக் கூப்பிட்டாள்.

டுவேன் அவளுடைய முன்னாள் கணவன். இந்த அணியை ஆரம்பித்தவனே அவன்தான். அப்போதும் வேலை பார்த்தது அவள். நாலு வருஷத்துக்கு முன் பிரிந்தபோது படகு அவனுக்குப் போயிற்று, மட்டையும் பந்தும் ஸ்கோர் நோட்டும் அடைத்த நீளப் பை இவள் தலையில் விழுந்தது. வேறு அணி தொடங்கப்போவதாகச் சவால் விட்டுப் போனவன் படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

"யாரு சாகக் கெடக்கா?" என்றான் டுவேன், எடுத்த எடுப்பில்.

"யாரும் சாகல. செவ்வாய்க்கெழம சாயங்காலம் நீ சும்மாதானே இருக்க?"

"ஏன், கொட்டகை ஒழுகுதா?"

"ஒரு ஆம்பள கொறையுது."

"நாலு வருஷம் ஆச்சு, இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்!"

"டீம்ல கொறையுதுன்னேன். இளிக்காதே. வர்றியா இல்லையா, அஞ்சு மணிக்குள்ள பேரு குடுக்கணும்."

அவன் யோசிப்பதுபோல் இழுத்தான். யோசிக்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். "எனக்குப் பழைய எடம் வேணும். நாலாவதா அடிப்பேன். எனக்கு அடுத்து நீ. அப்படித்தானே எப்பவும்?"

"சரி. அறுபத்தஞ்சு டாலர்."

"ஃபீஸா? நான் எந்தக் காலத்துல ஃபீஸ் கட்டியிருக்கேன்?"

"பதிமூணு வருஷம் கட்டினே. என் சம்பளத்துலேர்ந்து."

"சரி சரி, ஆரம்பிக்காதே. அடுத்த செவ்வாய் தரேன்."

போனை வைத்துவிட்டுக் கோலீன் கொஞ்ச நேரம் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மருந்து நெடியடிக்கும் அந்த அறையில் அப்படியே தூங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

டுவேனுக்கு அடுத்து அவள் என்பது சும்மா வந்த ஏற்பாடு அல்ல. மட்டை பிடித்தவர் மூன்று பேஸையும் சுற்றி, புறப்பட்ட ஹோமுக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். ஆண் ஒன்று பெண் ஒன்று என்றுதான் வரிசை போகவேண்டும். டுவேன் பெரிய அடிக்காரன். அவன் அடித்தால் பந்து வேலிக்கு வெளியே கார்கள் நிற்குமிடத்தில் போய் விழும். அதனால் எதிரணிக்காரர்கள் அவனுக்குப் பந்தே போடாமல், "போப்பா" என்று முதல் பேஸுக்கு நடத்தி அனுப்பிவிட்டு, பின்னால் வருகிற பெண்ணைச் சுலபமாக அவுட்டாக்குவார்கள். அந்த அவமானத்தை இன்னொருத்தி தலையில் கட்ட மனமில்லாமல் கோலீன் தன் பெயரையே அங்கே எழுதிக்கொண்டாள். பெண்கள் சண்டை போட்ட பிறகு விதி மாறியது. ஆணை நடத்தி அனுப்பினால் அவனுக்கு ஒன்றில்லை, இரண்டு பேஸ். அதோடு, ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தால், அடுத்து வரும் பெண் விரும்பினால் அடிக்கலாம், விரும்பினால் அவளும் சும்மா முதல் பேஸுக்கு நடக்கலாம்.

விரும்பினால் என்றுதான் விதியில் இருக்கிறது. கோலீனை யாரும் கேட்டதில்லை. மட்டையை எடுப்பாள், கீழே போடுவாள், நடப்பாள். அணிக்கு அதுதான் லாபம். டுவேன் இல்லாத நாலு வருஷமும் அடுத்த பெரிய அடிக்காரனுக்குப் பின்னால் அவளேதான். அவளே எழுதும் ஸ்கோர் நோட்டில் அவள் பெயருக்கு நேரே வருஷக்கணக்காக நடை, நடை, நடை. சாஃப்ட்பாலுக்கு அவள் வந்ததே, முப்பத்தேழு வயதில் ஒருநாள் விளையாட்டாக வீசிய மட்டையில் பந்து சரியாகப் பட்டு, முழங்கைவரை ஒரு சிலிர்ப்பு ஓடியதால்தான். அந்தச் சிலிர்ப்புக்காகச் சேர்ந்தவள், கடைசியில் கைகுலுக்கிப் பணம் கேட்கிறவளாகிவிட்டாள். அவள் நன்றாக அடிப்பாளா, மாட்டாளா என்பது அணியில் ஒருவருக்கும் தெரியாது. இது அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது. சொல்லிக்கொள்ளும் வயது தாண்டிவிட்டது என்றும் நினைத்தாள்.

ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. மழையில் இரண்டு ஆட்டம். கொசு. "இன்னிக்கு வர முடியாது, சாரி" என்று ஐந்தே முக்காலுக்கு வரும் செய்திகள். எட்டு அணிகளில் ஆறாவது இடம். டுவேன் ஏழு பந்தை வேலிக்கு வெளியே அனுப்பினான், அறுபத்தைந்து டாலரை மட்டும் எங்கும் அனுப்பவில்லை. கடைசி ஆட்டத்தன்று மைதானத்தில் பையை இறக்கும்போது கோலீன் கர்ட்டிடம் சொன்னாள். கர்ட் தபால் வண்டி ஓட்டுகிறவன், அணியில் அவளுக்கு அடுத்தபடி பழைய ஆள், அவளுக்கு அடுத்தபடியாக மட்டை பிடிக்கிறவனும் அவனே.

"இதோட முடிஞ்சுது கர்ட். அடுத்த வருஷம் நான் பாத்துக்க மாட்டேன்."

"அதான் வருஷா வருஷம் சொல்றியே கேப்டன்." கர்ட் இடது கையால் வலது தோளைப் பிசைந்துகொண்டிருந்தான். போன வாரம் மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜைத் தூக்கி தோளைச் சுளுக்கிக்கொண்டவன். "நீ இல்லாட்டி யாரு பாத்துக்குவா?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

எதிரணி கான்கிரீட் கம்பெனி. ஒரு ஆட்டமும் தோற்காதவர்கள், இன்றைக்கும் ஜெயித்தால் எல்லா ஆட்டமும் ஜெயித்த பெருமை. ட்ரெவர் முதுகில் தன் பெயர் மின்ன, சூயிங்கம் மென்றுகொண்டு வந்தான்.

"ட்ரெவர், என் சட்ட எங்கடா?"

"அடுத்த செவ்வாய் தரேன் கேப்டன்."

"அடுத்த செவ்வாய் ஆட்டமே கெடையாது."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு," என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

எப்படியோ அன்றைக்குப் பத்துப் பேரும் வந்திருந்தார்கள், ஆட்டமும் இழுபறியாகப் போயிற்று. கடைசி இன்னிங்ஸ். ஒன்பதுக்கு எட்டு என்று ஹாங்க் அணி ஒரு ரன் பின்னால். இரண்டு அவுட். வெயில் சாய்ந்து, புல்லில் கம்பங்களின் நிழல் நீண்டு கிடந்தது. ஷெல்பி இடது பக்கம் ஒன்றைத் தட்டிவிட்டு முதல் பேஸில் போய் நின்றாள். அடுத்து டுவேன். மட்டையைத் தோளில் சாய்த்து, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் கார்களை ஒரு பார்வை பார்த்தான்.

பந்து வீசும் ரஸ் அவனைப் பார்க்கக்கூட இல்லை. நடுவரிடம் சொன்னான்: "டுவேன் நடக்கட்டும்." பிறகு திரும்பித் தன் ஆட்களிடம் உரக்கச் சொன்னான்: "அடுத்தது கோலீன், அதுவும் நடந்துரும். நமக்கு கர்ட்தான். தோள் போன ஆளு. எல்லாரும் கர்ட்டுக்கு நில்லுங்க."

அதில் வன்மம் ஒன்றும் இல்லை. கோலீனுக்குக் கேட்டுவிடுமே என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. முன்பெல்லாம் அவளை அவுட்டாக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். இப்போது அந்தக் கணக்கில் அவள் இல்லவே இல்லை. வழியில் கிடக்கிற கல்லைத் தாண்டுகிறமாதிரி தாண்டி, கர்ட்டிடம் போய்விட்டார்கள். ட்ரெவர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தான். மைதானத்தின் கடைக்கோடியில் நின்ற ஒருவன் ஒரு காலை மண்டியிட்டு ஷூ நாடாவைக் கட்டினான்.

டுவேன் இரண்டாம் பேஸுக்கு ஒய்யாரமாக நடந்தான். ஷெல்பி மூன்றாவதுக்குப் போனாள். கோலீன் வந்தாள். நடுவர் வெண்டல், எழுபது வயது மனுஷர், வழக்கப்படி முதல் பேஸைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டார். "போம்மா."

அவள் மட்டையைக் கீழே வைக்கக் குனிந்தேவிட்டாள். பழக்கம். குனிந்தவள் அதே மட்டையோடு நிமிர்ந்தாள்.

"நான் அடிக்கிறேன்."

"என்னம்மா?"

"அடிக்கிறேன், வெண்டல்."

"நடக்கலாம்மா. ரூல் இருக்கே."

"ரூல் எனக்குத் தெரியும். வேணும்னா நடக்கலாம். எனக்கு வேணாம்."

இரண்டாம் பேஸிலிருந்து டுவேன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினான். "ஏய், லூசா நீ? ஃபர்ஸ்ட்டுக்குப் போ! ஆட்டத்தக் கெடுக்காதே!"

"அடிக்கட்டும் விடுடா!" என்றான் கர்ட், தோளைப் பிடித்தபடி. அந்தக் குரலில் இருந்த நிம்மதியை ஊரே கேட்டிருக்கும்.

ரஸ் தோளைக் குலுக்கிவிட்டுப் பந்தை எடுத்தான். முதல் பந்து உயரப்போய்ப் பின்னால் விழுந்தது, விட்டுவிட்டாள். இரண்டாவதற்கு வீசினாள், காற்றுதான் அடிபட்டது. ட்ரெவர் சிரித்துக்கொண்டே நாலடி முன்னால் வந்து நின்றான். டுவேன் இன்னும் ஏதோ கத்திக்கொண்டிருந்தான். பதிமூன்று வருஷம் சாப்பாட்டு மேசையில் கேட்ட அதே குரல். மூன்றாவது பந்து வளைந்து, சோம்பலாக இறங்கி வந்தது.

முழங்கைவரை ஓடிற்று அந்தச் சிலிர்ப்பு.

பந்து தரையில் ஒருமுறை குதித்து ட்ரெவரின் இடது பக்கமாகச் சீறிப் போயிற்று. நாலடி பின்னால் நின்றிருந்தால் பிடித்திருப்பான். கடைக்கோடியில் மண்டியிட்டிருந்தவன் எழுந்து ஓடினான். ஷெல்பி ஹோமுக்கு வந்துவிட்டாள், ஒன்பதுக்கு ஒன்பது. டுவேனும் வரவேண்டியதுதான். ஆனால் அவன் இடுப்பில் கைவைத்துக் கத்திக்கொண்டு நின்ற ஆள். அவள் அடிப்பாள் என்று மைதானத்திலேயே கடைசியாக நம்பியவன் அவன்தான். நம்பியபிறகு ஓட ஆரம்பித்தான், மாடிப்படி ஏறுகிறவனைப்போல். மூன்றாம் பேஸைத் தாண்டியபோது நாக்கு வெளியே. அவன் வருவதற்குப் பத்தடி முன்பே பந்து ஹோமுக்கு வந்துவிட்டது. அவுட். நேரமும் முடிந்தது. சமன்.

எல்லோரும் டுவேனைச் சுற்றிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். ட்ரெவர் தொப்பியைத் தரையில் அடித்தான். எல்லா ஆட்டமும் ஜெயித்த பெருமை போச்சு. கோலீன் முதல் பேஸில் தனியாக நின்றாள். அங்கே காவல் நின்ற கான்கிரீட் கம்பெனிப் பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நல்ல அடிங்க," என்றாள். இத்தனை வருஷத்தில் மைதானத்தில் ஒருவர் அவளிடம் ஃபீஸைப் பற்றியோ மழையைப் பற்றியோ இல்லாமல் பேசியது அதுதான். சந்தோஷமாக இருந்தது. காலும் நன்றாக வலித்தது.

ஹாங்க் கடையில் டுவேன் தன் முட்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். முட்டி நன்றாக இருந்திருந்தால் நாம்தான் ஜெயித்திருப்போம் என்று முடித்தான். கர்ட் ஒரு தட்டு பொரித்த சீஸை நடுவில் தள்ளினான். "அடுத்த வருஷம் ட்ரெவர் எடத்துக்கு ஒரு நல்ல ஆளாப் பாரு கேப்டன். சும்மா மார்ச்லயே தேட ஆரம்பிச்சுரு."

கோலீன் ஸ்கோர் நோட்டைத் திறந்து அன்றைய ஆட்டத்தை எழுதி முடித்தாள். தன் பெயருக்கு நேரே, நடை என்று போடும் இடத்தில், அடி என்று குறித்தாள். நோட்டைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். பையைத் தூக்கி மேசை நடுவில், சீஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து மடித்த டாலர் நோட்டுகளை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இது அடுத்த வருஷத்துக்கு என் ஃபீஸ். யாருகிட்ட குடுக்கணும்?"

"உன்கிட்டயே குடுத்துக்கோ," என்று டுவேன் சிரித்தான். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். கோலீன் சிரிக்கவில்லை.

"நான் வெளயாட வரேன். ஆள் பிடிக்க வரல, பணம் கேக்க வரல. பதினேழு வருஷம் போதும், எனக்கு அலுத்துப் போச்சு. யாருகிட்ட குடுக்கணும்னு சொல்லுங்க, குடுத்துட்டுப் போறேன்."

ஒவ்வொருவருக்கும் திடீரென்று தம்ளருக்குள் பார்க்கவேண்டிய ஏதோ ஒன்று இருந்தது. கர்ட் தோளைப் பிசைந்தான். ஹாங்க் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். கோலீன் பையை டுவேன் பக்கம் தள்ளினாள். "படகு எடுத்துக்கிட்டியே, இதையும் எடுத்துக்கோ."

"எனக்கு முட்டி..." என்று இழுத்தான் டுவேன்.

மேசைக்கு அந்தக் கோடியிலிருந்து ஷெல்பி பெருமூச்சு விட்டாள். இல்லை என்று சொல்லத் தெரியாதவள் விடும் பெருமூச்சு. கோலீனுக்கு அது நன்றாகத் தெரியும். அதைக் கேட்டதும் பாவமாக இருந்தது, ஆனாலும் கையை நீட்டிப் பையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஷெல்பி எழுந்து வந்து நோட்டுகளை எடுத்தாள். எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். மூன்றும் இருபது டாலர் நோட்டு.

"கோலீன்," என்றாள் தயங்கித் தயங்கி. "இதுல அறுபதுதாங்க இருக்கு. அஞ்சு கொறையுது."

கைப்பையில் ஒரு ஐந்து டாலர் நோட்டு இருந்தது. கோலீனுக்குத் தெரியும். கை அதன் பக்கம் போயிற்று. பிறகு திரும்பிவந்து பீர் தம்ளரை எடுத்துக்கொண்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து ஒரு வாய் குடித்தாள்.

"அடுத்த செவ்வாய் தரேன்," என்றாள்.